டீசலை யார் ஊற்றுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் தேவிபட்டினம். அப்பா விசைப்படகு வைத்திருந்தார். அதை விற்று வாங்கிய ஒரு பொக்லைனில் தொடங்கி, இன்று 20 டன் எடை வகையில் மூன்று இயந்திரங்கள் வைத்திருக்கிறோம். கண்மாய் தூர்வாருதல், இறால் பண்ணைக் குளம், உப்பளப் பாத்தி, சீமைக்கருவேலம் அகற்றுதல் என்று வேலை ஓடுகிறது. இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேல்மண் நீக்கும் வேலை, ஐந்தாண்டு ஒப்பந்தமாக வருகிறது. கன மீட்டருக்கு 85 ரூபாய். தினமும் இரண்டு ஷிப்ட். டிப்பர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். இதற்காக 100 டன் வகையில் ஓர் இயந்திரம் வாங்க இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்று 9.6 கோடி, மற்றது 8.1 கோடி. இரண்டிலும் பக்கெட் 6 கன மீட்டர். விலை கூடியது மணிக்கு 72 லிட்டர் டீசல் குடிக்குமாம். விலை குறைவானது 80 லிட்டர். கூடிய விலைக்காரர், ஐந்தாண்டு கழித்து 25 சதவீத விலைக்குத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்கிறார். மற்றதற்கு 15 சதவீதம் கிடைத்தால் பெரிது என்கிறார்கள் தரகர்கள். அப்பா விலை குறைந்ததையே வாங்கச் சொல்கிறார். வேலை இல்லாத காலத்தில் எங்கள் ஊர் யார்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விலை இருக்கிறது, பக்கெட் அளவு இருக்கிறது, லிட்டர் கணக்கும் இருக்கிறது. டீசலை யார் ஊற்றுவது என்ற ஒரு வரி மட்டும் இல்லை. என் பதிலில் பாதி அந்த வரியைப் பொறுத்தது.

சுரங்க வேலையில் இரண்டு வழக்கமும் உண்டு. சில இடங்களில் ஒப்பந்தக்காரரே டீசல் வாங்கி ஊற்றவேண்டும். சில இடங்களில் சுரங்கக்காரர்களே தருவார்கள்; ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு லிட்டர் என்று அளவு வைத்து, அதற்கு மேல் போனால் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்து, அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குள் 80 லிட்டர் இயந்திரமும் அடங்குமானால், விலை கூடிய இயந்திரம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு லிட்டரும் அவர்களுடைய பைக்குத்தான் போகும். அதற்காக நீங்கள் ஒன்றரைக் கோடி கூடுதலாகக் கொடுப்பானேன்? அப்படியானால் அப்பா சொல்வது சரி.

டீசல் உங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். 85 ரூபாய் என்ற விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

லிட்டர் 92 ரூபாய், ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓட்டம் என்று கொள்வோம். 72 லிட்டர் இயந்திரம் ஐந்தாண்டில் குடிக்கும் டீசல் 13 கோடியே 25 லட்ச ரூபாய். இயந்திரத்தின் விலையே அதற்குக் குறைவு. 80 லிட்டர் இயந்திரத்துக்கு 14 கோடியே 72 லட்சம். வித்தியாசம் 1 கோடியே 47 லட்சம். விலை வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். இந்தக் கணக்கைத்தான் விற்பனையாளர் உங்களிடம் போட்டுக் காட்டியிருப்பார். 'வித்தியாசம் டீசலிலேயே வந்துவிடும், மீதியெல்லாம் லாபம்' என்றும் சொல்லியிருப்பார்.

அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒன்றரைக் கோடியை இன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறீர்கள். டீசல் மிச்சமோ ஆண்டுக்கு 29 லட்சமாக, ஐந்தாண்டுகளில் சொட்டுச் சொட்டாக வருகிறது. உங்கள் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால், அந்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு 1 கோடியே 12 லட்சத்தைத் தாண்டாது. 38 லட்சம் குறைகிறது. அதை நிரப்ப வேண்டியது மறுவிற்பனை. 9.6 கோடியில் 25 சதவீதம் 2.4 கோடி, 8.1 கோடியில் 15 சதவீதம் 1.2 கோடி. ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கப்போகும் இந்த 1.2 கோடி வித்தியாசம், இன்றைய மதிப்பில் சுமார் 74 லட்சம். இதையும் சேர்த்தால்தான் விலை கூடியது ஜெயிக்கிறது.

ஆகவே அந்த 25 சதவீத வாக்குறுதி எழுத்தில் வரவேண்டும். வந்தால், அதன் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை மணி ஓட்டம் வரை அந்த விலை செல்லும், சங்கிலியும் ரோலர்களும் எவ்வளவு தேய்ந்திருக்கலாம், வெளியில் வாங்கிய ஃபில்டர் ஒன்றைப் போட்டிருந்தாலும் வாக்குறுதி ரத்தாகுமா என்றெல்லாம் அதில் இருக்கும். எழுதித்தர மறுத்தால் அந்த எண்ணை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

இப்போது ஓட்ட மணிக்கு வருகிறேன். எழுத்துப்பூர்வமான மறுவிற்பனை விலை கையில் இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மணி நேரத்துக்கு மேல் ஓடும்போதுதான் விலை கூடிய இயந்திரம் உங்களுக்கு லாபம். மறுவிற்பனையில் இரண்டும் ஒன்றுதான் என்று கொண்டால் அந்த எல்லை 5,400 மணிக்கு ஏறிவிடும். அத்தனை மணி நேரம் நீங்கள் ஓட்டப்போவதில்லை. எட்டு மணி நேர ஷிப்ட் இரண்டு, 300 நாள் என்றால் மொத்தமே 4,800 மணி. அதில் ஷிப்ட் மாறும் நேரம், வெடி வைக்கும்போது இயந்திரத்தை ஒதுக்கி நிறுத்தும் நேரம், கிரீஸ் அடிக்கும் நேரம், ரிப்பேர் எல்லாம் போகும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குழிக்குள் தண்ணீரை நிறுத்தினால் நாள்கணக்கிலும் போகும். இரண்டு ஷிப்ட் என்று எழுதிய ஒப்பந்தங்களில் 3,200 முதல் 3,600 மணி ஓடினாலே நான் நல்ல ஆண்டு என்று எழுதி வைப்பேன். 4,000 என்பது விற்பனையாளரின் நாட்காட்டியில் வரும் ஆண்டு.

எனவே ஒப்பந்தத்தில் நீங்கள் தேடவேண்டிய இரண்டாவது வரி, குறைந்தபட்ச வேலை உத்தரவாதம். மாதத்துக்கு இத்தனை கன மீட்டர் மேல்மண் தருகிறோம், தரமுடியாவிட்டால் இயந்திரம் நின்றதற்கு இவ்வளவு தருகிறோம் என்று அவர்கள் எழுதவேண்டும். சிமென்ட் விற்பனை மந்தமானால் முதலில் நிறுத்தப்படுவது மேல்மண் வேலைதான். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் தவணை தள்ளாது. கூடவே டீசல் விலை ஏறினால் 85 ரூபாயும் ஏறுமா என்று பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒரே விலை என்றால் இயந்திரம் எதுவானாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

72, 80 என்ற இரண்டு எண்களையும் இதுவரை நம்பித்தான் கணக்குப் போட்டேன். உண்மையில் அவற்றை நான் நம்பவில்லை. அவை வேறு யாருடைய மண்ணிலோ வேறு ஓர் ஆபரேட்டர் ஓட்டியபோது வந்தவை. மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட, ஒரு டன் மண்ணுக்கு எத்தனை லிட்டர் என்பதே உங்களுக்கு வேண்டும். 80 லிட்டர் குடிக்கும் இயந்திரம் வேகமாகச் சுற்றி அதிக மண் அள்ளினால், அதுவே சிக்கனமானதாக இருக்கலாம். இரண்டு பேரிடமும் அதே சுரங்கத்தில், அல்லது அதே மாதிரி மண் உள்ள வேறு சுரங்கத்தில், அவர்களுடைய இயந்திரம் ஓடும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒரு முழு ஷிப்ட் ஓடட்டும். ஒவ்வொரு டிப்பரையும் எடைமேடையில் ஏற்றி எழுதுங்கள். அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஏற்றிய டன்னால் வகுத்தால் முடிந்தது. இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

அந்தச் சோதனையின்போது டிப்பரை எங்கே நிறுத்துகிறார்கள் என்றும் கவனியுங்கள். இயந்திரம் மேட்டில் நின்று, டிப்பர் கீழ்த்தளத்தில் நின்று, பூம் என்கிற நீண்ட கை 45 பாகை திரும்பினால் ஒரு கணக்கு. இரண்டும் ஒரே தளத்தில் நின்று, மண்ணைத் தூக்கி 120 பாகை சுற்றிப் போட்டால் வேறொரு கணக்கு. விற்பனையாளரின் ஆபரேட்டருக்கு இந்த வித்தை தெரியும். உங்கள் ஆபரேட்டருக்கும் தெரியவேண்டும். வளைகுடாவில் பெரிய இயந்திரம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பளம் கூடக் கேட்டாலும் அவர்களில் இருவரைப் பிடியுங்கள். இருவர் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி, சுரங்கத்தின் மேற்பரப்பில் வேலை செய்பவருக்கு வாரம் 48 மணி நேரம்தான். இரண்டு ஷிப்டுக்கு, விடுப்பையும் சேர்த்து, மூவர் வேண்டும்.

விலை, டீசல் இரண்டையும்விட அதிகம் விழுங்குவது நிற்கும் நேரம். 6 கன மீட்டர் பக்கெட், ஒழுங்காக டிப்பர் வந்தால் மணிக்கு 450 கன மீட்டர் போல வெட்டும். உங்கள் விலையில் அது மணிக்கு 38,000 ரூபாய்க்கு மேல். ஆண்டில் கூடுதலாக 300 மணி நேரம் நின்றால் 1 கோடியே 14 லட்சத்துக்குப் பில் போடமுடியாது. இயந்திரம் நிற்கும்போது டீசல் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் தவணையும் சம்பளமும் டிப்பர் வாடகையும் நிற்பதில்லை. ஒப்பந்தத்தில் தாமத அபராதம் இருந்தால் அதுவும் சேரும். மணிக்கு 8 லிட்டர் மிச்சத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோமே, அது ஆண்டுக்கு 29 லட்சம்தான்.

நான் 31 ஆண்டுகள் திறந்தவெளிச் சுரங்கப் பணிமனைகளில் இருந்தவன். ஒரு தடவை, மேற்பகுதியைச் சுற்றவைக்கும் சுழல் மோட்டார் ஒன்றுக்காக ஒரு பெரிய இயந்திரம் 19 நாள் நின்றது. பெயர் வேண்டாம், வாங்கும்போது 'எங்கள் கிடங்கில் எல்லா உதிரிபாகமும் இருக்கிறது' என்று சொன்ன நிறுவனம்தான். எல்லாம் இருந்தது, அந்த மோட்டாரைத் தவிர. அது கப்பலில் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் கிடங்கு இருக்கிறதா என்று கேட்பதில்லை. பட்டியல் கேட்பேன். பிரதான ஹைட்ராலிக் பம்ப், சுழல் மோட்டார், இயந்திரத்தை நகரவைக்கும் நடை மோட்டாரும் அதன் கியர் பெட்டியும், இன்ஜெக்டர், கன்ட்ரோலர் ஆகியவற்றில் எது எந்த ஊரில் இப்போது இருக்கிறது, பழுதான பாகத்தைக் கொடுத்துவிட்டுச் சீரமைத்த ஒன்றை உடனே மாற்றிக்கொள்ளும் திட்டம் உண்டா, திருச்சியிலிருந்து மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று எழுதி வாங்குங்கள். இதில் எந்த நிறுவனம் மேலோ, அதற்கு நான் ஒன்றரைக் கோடி கூடுதலாகக் கொடுப்பேன். டீசலுக்காகக் கொடுக்கமாட்டேன்.

உங்கள் அப்பாவுக்கு இது புதிதாக இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, இன்ஜினைப் பிரித்து, பலகை மாற்றி, வர்ணம் அடித்து வைப்பதெல்லாம், சீசன் நடுவில் கடலில் நின்றுவிடக்கூடாது என்பதற்காகத்தானே. சுரங்கத்திலும் மழைக்காலத்தை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் சீல், ஹோஸ், பின்களும் புஷ்களும் அப்போது மாறட்டும். இன்ஜின் ஆயிலையும் ஹைட்ராலிக் ஆயிலையும் குறித்த மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். ஆயிலில் சிலிக்கான் கூடினால் எங்கோ புழுதி நுழைகிறது. இரும்போ செம்போ கூடினால் உள்ளே ஏதோ தேய்கிறது. பம்ப் உடைந்து அதன் துகள் ஆயிரம் லிட்டருக்கு மேல் உள்ள ஹைட்ராலிக் ஆயில் முழுவதும் பரவுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

ஐந்தாண்டில் 16,000 முதல் 18,000 மணி ஓடும் என்றால், ஒரு முழு இன்ஜின் ஓவர்ஹாலும் பம்ப்களின் சீரமைப்பும் அதற்குள் வந்துவிடும். அவற்றின் இன்றைய விலையை இரண்டு நிறுவனங்களிடமும் எழுதி வாங்கி, மணிக்கணக்கில் வகுத்து, ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். நான்காம் ஆண்டில் புதுக் கடன் தேடி அலையவேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று முழுப் பராமரிப்பையும் அவர்களே ஏற்கும் ஒப்பந்தம் தந்தால், முதல் 10,000 மணிக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெரிய இயந்திரம் வைத்திருப்பவர் தனியாகப் பணிமனை கட்டிக் கட்டுப்படியாகாது.

வரி பற்றிச் சுருக்கமாக. இயந்திரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. இரண்டு விலைகளும் அதைச் சேர்த்தவையா, சேர்க்காதவையா என்று முதலில் கேளுங்கள். அந்த வரியை உங்கள் பில்லில் வரும் வரியோடு கழித்துக்கொள்ளலாம். டீசல் ஜிஎஸ்டிக்குள் இல்லாததால் அதில் கட்டும் வரி திரும்பாது. மீதியை உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. வாடகை டிப்பர் என்கிறீர்கள். 16 கன மீட்டர் டிப்பர்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். 6 கன மீட்டர் பக்கெட்டில் ஒரு வீச்சுக்கு எட்டு, ஒன்பது டன் மண் விழும். இரண்டு வீச்சில் டிப்பர் நிறையாது. மூன்றாவது முழுதாக விழுந்தால் பாரம் மீறும். உயரத்திலிருந்து அத்தனை எடை ஒரே அடியாக விழுந்தால் அடுத்த மாதமே டிப்பர்க்காரர் ஸ்பிரிங் பட்டையோடு உங்கள் வாசலில் நிற்பார். இந்த வகை இயந்திரத்துக்கு ஜோடி 50, 60 டன் டம்பர், அதாவது சுரங்கத்துக்கென்றே செய்த பெரிய லாரி. அதுவும் இல்லாமல், மணிக்கு 450 கன மீட்டர் வெட்டினால் சுமார் 900 டன். 25 டன் ஏற்றும் டிப்பர் 36 நடை போகவேண்டும். போய்வர 15 நிமிடம் என்றால் ஒன்பது டிப்பர் இடைவெளியில்லாமல் ஓடவேண்டும். இரண்டு வராத நாளில் உங்கள் 9 கோடி ரூபாய் இயந்திரம் பூமைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். காத்திருக்கும்போதும் இன்ஜின் ஓடும், டீசல் குடிக்கும், மணி மீட்டர் ஏறும். வாரண்டி அந்த மீட்டரைத்தான் பார்க்கும், திரும்ப வாங்குகிறவரும் அதைத்தான் பார்ப்பார்.

ஆகவே டம்பர் கிடையாது, டிப்பர்தான் என்றால், 100 டன் வகையை விட்டுவிட்டு 50 டன் வகையில் இரண்டு வாங்குங்கள் என்பதே என் யோசனை. 3 கன மீட்டர் பக்கெட் ஐந்தாறு வீச்சில் டிப்பரை அளவாக நிரப்பும். ஒன்று ரிப்பேரானாலும் மற்றது ஓடும். பாதிப் பில்லாவது வரும். ஆபரேட்டர் சம்பளம் இரட்டிக்கும், அது உண்மை. ஆனால் ஒப்பந்தம் இரண்டாம் ஆண்டே முறிந்தால், 50 டன் இயந்திரத்தை எந்தக் கல்குவாரிக்காரரும் வாங்குவார். 100 டன் இயந்திரத்தை வாங்கத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வருவார்கள் என்று உங்கள் தரகர்களையே கேட்டுப்பாருங்கள்.

டீசல் உங்களுடையது, ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்குக் குறையாத உத்தரவாதம், டம்பர் ஏற்பாடு, எழுத்தில் மறுவிற்பனை விலை ஆகிய நான்கும் கூடிவந்தால் 9.6 கோடி இயந்திரம். டீசல் சுரங்கக்காரர்களுடையது, டம்பரும் உத்தரவாதமும் இருக்கிறது, உதிரிபாகப் பட்டியலும் திருப்தி என்றால் 8.1 கோடி இயந்திரம். வேறு எப்படி இருந்தாலும் 50 டன்னில் இரண்டு.

தேவிபட்டினம் யார்டு பற்றி எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். 100 டன் இயந்திரம் 20 டன் பொக்லைன் மாதிரி ஒரு டிரெய்லரில் ஏறி வராது. பூம், ஆர்ம், பக்கெட், எதிர் எடை என்று கிரேன் வைத்துக் கழற்றி, நான்கைந்து டிரெய்லரில் கொண்டுவந்து, மறுபடி பூட்டவேண்டும். வந்து நிற்கும் இடமோ உப்புக்காற்று. தொண்டியில் என் வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும். ரேடியேட்டர் தகடு உதிரும். நீட்டி வைத்த சிலிண்டர் தண்டில் குரோம் பூச்சின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்து, ஓட ஆரம்பித்ததும் சீலை அறுக்கும். வேலை இல்லாத காலத்தில் அரியலூரிலேயே வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்துங்கள். உங்கள் மூன்று 20 டன் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். உப்பள வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டர்களை உள்ளே இழுத்து, வெளியே தெரியும் தண்டில் கிரீஸ் பூசி நிறுத்துகிறீர்களா என்று தெரியவில்லை. இல்லையென்றால் நாளையிலிருந்து செய்யுங்கள்.

ஒப்பந்த நகலில் டீசலும் குறைந்தபட்ச வேலையும் வரும் பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்க்கும்வரை எந்த நிறுவனத்துக்கும் முன்பணம் கொடுக்கவேண்டாம்.